மூலம் என்றார்கள்

மதுரையில் மகளிர் நலமும் மகப்பேறும் பார்க்கும் மருத்துவர்களுக்கும், கருத்தரிப்பு மையங்களை நடத்துகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது வலிக்கிறதா?"

இந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலாக ஒருவர் கேட்டபோது எனக்கு 33 வயது. வலி தொடங்கியது 24 வயதில். இடையில் ஆறு மருத்துவர்களைப் பார்த்திருந்தேன். ஆறு பேருமே கெட்டிக்காரர்கள்தான். அவர்களில் இருவருடைய வாசலில் டோக்கன் வாங்க விடியற்காலை ஐந்து மணிக்கே ஆள் நிற்கும். யாருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. நானாகவும் சொல்லவில்லை. பிள்ளை வேண்டும் என்று போன இடத்தில் கழிப்பறைக் கதையை எப்படி எடுப்பது?

அந்த ஆறு பேரில் நால்வர் மகளிர் மருத்துவர்கள், இருவர் வயிறு பார்ப்பவர்கள். மகளிர் மருத்துவர்களிடம் மாதவிலக்கைச் சொன்னேன், மலத்தைச் சொல்லவில்லை. வயிறு பார்ப்பவர்களிடம் மலத்தைச் சொன்னேன், மாதவிலக்கைச் சொல்லவில்லை. ஒரே நோயில் பாதியை ஓர் அறையிலும் மீதியை இன்னோர் அறையிலும் வைத்துவிட்டு ஒன்பது வருடம் அலைந்திருக்கிறேன். வீட்டில்கூட இரண்டு ஜவுளிக்கடைப் பைகள் ஆணியில் தொங்கின. ஒன்றில் பிள்ளைக்கான ரிப்போர்ட்டுகள், மற்றதில் வயிற்றுக்கான ரிப்போர்ட்டுகள். எந்த மருத்துவரிடம் போனாலும் ஒரு பையைத்தான் எடுத்துப் போவோம்.

நான் மேலூர் வட்டாரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. இப்போது வயது 37. பெயரைப் போடவில்லை. என் மாணவிகளின் அம்மாக்கள் இதைப் படிக்கக்கூடும். வெட்கத்தால் அல்ல என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது.

வயிறு பார்த்த இருவரும் மூலம் என்றார்கள். மூலம் என்றால் வேர், தொடக்கம், காரணம் என்றும் பொருள் உண்டு. வகுப்பில் ஒருபொருள் பன்மொழி, பலபொருள் ஒருமொழி நடத்தும்போது இந்தச் சொல் வந்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அன்று வரவில்லை. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் துத்திக் கீரையை விளக்கெண்ணெயில் வதக்கித் தருவார். வாரத்தில் இரண்டு நாள் கருணைக்கிழங்கு. அன்பாகத்தான் செய்தார். பிறகு குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே சுத்தமாக இருக்கிறது, மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று அனுப்பிவைத்தார்கள். அந்த ரிப்போர்ட் வந்ததில் இருந்து வீட்டிலும் என் வலிக்கு மரியாதை குறைந்துபோனது.

அந்த வலி எப்படிப்பட்டது என்று ஒரே ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. நான் அறைக் கண்காணிப்பாளர். மாதவிலக்கின் இரண்டாம் நாள். வினாத்தாள் கொடுத்து இருபது நிமிடத்தில் அடிவயிற்றைக் கலக்கியது. நடுவில் அறையை விட்டு வெளியே போக முடியாது. கரும்பலகைக்குக் கீழே இருந்த மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பையன் கூடுதல் விடைத்தாள் கேட்டு எழுந்து நின்றான். அவன் இருக்கை எட்டடி தூரம். அந்த எட்டடியை நடக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவனுக்குத்தான் தெரியும். பக்கத்து அறை ஆசிரியர் வந்து மாற்றிவிட்ட பிறகு ஓடினேன். எங்கள் ஆசிரியைகள் கழிப்பறைக்கு அன்று தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலால் கதவுக்கு முட்டுக்கொடுத்து, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நெருஞ்சி முள்ளைப் பந்தாகச் சுருட்டி வெளியே தள்ளுவதைப் போல இருந்தது. திரும்பி வந்து கையெழுத்துப் போட்டு விடைத்தாள்களை எண்ணிக் கட்டினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது.

ஏழாவதாகப் பார்த்த டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்ட கையோடு இன்னும் சிலவற்றைக் கேட்டார். உறவின்போது ஆழத்தில் வலிக்கிறதா, மாதவிலக்கு நாட்களில் மட்டும் வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ உண்டா, மலத்தோடு ரத்தம் வந்திருக்கிறதா, அப்போது வலி இடுப்பில் இருந்து தொடைக்கு இறங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் அழுதுவிட்டேன். வலியால் அழவில்லை. என் நோய் இவருக்கு முன்பே அறிமுகமானது என்று தெரிந்ததால் வந்த அழுகை.

ஸ்கேனை அவரே செய்தார். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் முடியும் உள்வழி ஸ்கேனுக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு கையால் ஸ்கேன் கருவியை மெல்ல அழுத்தி, மறுகையால் வயிற்றின் மேலே தள்ளி, கருப்பை மலக்குடலின் மீது வழுக்கி நகர்கிறதா என்று பார்த்தார். "வழுக்கவில்லை, பாருங்கள்" என்று திரையை என் பக்கம் திருப்பினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நீங்கள் பாருங்கள் என்று ஒருவர் திரையைத் திருப்பியது அதுதான் முதல் முறை.

பிறகு ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்தார். முன்னால் சிறுநீர்ப்பை, நடுவில் கருப்பை, பின்னால் மலக்குடல். கருப்பையின் உள்வரியைப் போன்ற திசு வெளியே முளைத்து, மாதாமாதம் வீங்கி, புண்ணாகி, தழும்பாகி, பக்கத்தில் இருப்பதையெல்லாம் பசை வைத்தாற்போல ஒட்டிவிடுகிறது. எண்டோமெட்ரியோசிஸ். இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் குடலுக்குப் போவது சிலருக்குத்தான். நூற்றுக்கு ஐந்தில் இருந்து பன்னிரண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. போனால் பத்தில் ஒன்பது மலக்குடலிலும் அதற்கு மேலே உள்ள சிக்மாய்டு பகுதியிலும்தான் இருக்கும். குடலின் வெளிச்சுவரில் வேர்விட்டு உள்நோக்கி வளரும். உட்தோலை அநேகமாகத் துளைக்காது. அதனால்தான் குழாய் விட்டுப் பார்த்தவர்களுக்கு எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது. வீட்டுக்குள் நின்று சுவரைப் பார்த்தால் வெளிச்சுவரில் முளைத்த அரசங்கன்று எப்படித் தெரியும்?

இதெல்லாம் உங்களுக்குப் பாடம். நான் எழுதுவது நீங்கள் அறியாததைச் சொல்ல அல்ல. அறிந்திருந்தும் கேட்காமல் விட்டதைப் பற்றி.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், என் 31 வயதில், ஒரு மருத்துவமனையில் எனக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் அறுவை, நடந்தது. சினைப்பை இரண்டிலும் சாக்லேட் கட்டி (இந்த நோயால் பழைய ரத்தம் தேங்கி வரும் கட்டி) இருக்கிறது, அதை எடுத்துவிட்டு டியூபையும் (கருக்குழாயையும்) பார்த்துவிடலாம், ஆறு மாதத்தில் நல்ல செய்தி வரும் என்றார்கள். சித்திரைத் திருவிழா முடியட்டும் என்று அத்தை சொன்னதால் வைகாசியில் நாள் குறித்தோம். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகளுக்குப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

மற்றதை என் கணவர் சொல்லித்தான் அறிந்தேன். உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து ஆபரேஷன் தியேட்டர் கதவு பாதி திறந்தது. பச்சை உடுப்பில் ஒருவர் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு, "குடல் கருப்பையோடு ஒட்டிக்கிடக்கிறது. பிரிக்கப் போனால் ஓட்டை விழலாம், மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டி வரலாம். என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறார். என் கணவர் மோட்டார் உதிரிபாகக் கடையில் கணக்கெழுதுபவர். கையில் மருந்துச் சீட்டு. சுற்றிலும் பத்து உறவினர்கள். "நீங்களே பார்த்துச் செய்யுங்கள் சார்" என்றிருக்கிறார். கதவு மூடிக்கொண்டது. கட்டிகளை மட்டும் எடுத்துவிட்டு, குடலை அப்படியே விட்டுத் தைத்துவிட்டார்கள்.

குடலைத் தொடாமல் விட்டதைக் குற்றம் சொல்லமாட்டேன். குடலைச் சுத்தம் செய்யாமல், குடல் அறுவை மருத்துவர் பக்கத்தில் இல்லாமல், என் சம்மதமும் இல்லாமல் அதைத் தொட்டிருந்தால் இந்த மடலை எழுத நான் இருந்திருப்பேனா என்பதே சந்தேகம். அந்த இடத்தில் கையை எடுத்துக்கொண்டவர் நல்லவர். வயிற்றுக்குள் துளை போட்ட பிறகுதான் குடல் ஒட்டியிருப்பது தெரியவந்தது என்பதுதான் என் வழக்கு. அரைமணி நேர ஸ்கேனும் ஒரு கேள்வியும் அதை முன்பே சொல்லியிருக்கும். அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டின் மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் ஆங்கிலத்தில், மலக்குடல் ஒட்டியுள்ளது, அப்படியே விடப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து ஏழாவது டாக்டரம்மா படித்துக்காட்டியபோதுதான் தெரிந்தது.

அந்த அறுவைக்கு விலையும் கொடுத்தேன். முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஏஎம்ஹெச். முன்னால் 2.8 இருந்த என் ஏஎம்ஹெச் பின்னால் 1.1 ஆகிவிட்டது. சாக்லேட் கட்டியை உரிக்கும்போது அதோடு சேர்ந்து நல்ல சினைப்பைத் திசுவும் போகும், முட்டை இருப்பு குறையும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கட்டி உள்ள, பிள்ளை வேண்டும் என்று வந்த ஒரு பெண்ணுக்கு அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் முட்டையையோ கருவையோ உறையவைத்த பிறகு படுத்திருப்பேன். அல்லது படுக்காமலே இருந்திருப்பேன்.

(காப்பீட்டுக்காரர்கள் பணம் தரவில்லை என்பது கிளைக்கதை. நம் ஊர் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் மலட்டுத்தன்மைச் சிகிச்சை நிலையான விலக்குகளில் ஒன்று. சீட்டில் முதல் வரியில் குழந்தையின்மைப் பரிசோதனை என்று இருந்தது. நோயின் பெயர் ஐந்தாம் வரியில் இருந்தது. அவர்கள் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். பேனா உங்கள் கையில் இருக்கிறது, வரிசையைக் கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.)

பிறகு ஆறு மாதம் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். வலி குறைந்தது, உண்மை. நோயை அடக்கிவிட்டு முயற்சி செய்தால் சீக்கிரம் தங்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்த மாத்திரை போடும் காலத்தில் கரு அநேகமாகத் தங்காது. பின்னால் கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டுவதற்காக இப்படி ஹார்மோனை அடக்கும் மருந்து தரவேண்டாம் என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. வலிக்காகக் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சம்மதம். பிள்ளைக்காகக் கொடுத்ததாகச் சொன்னதுதான் மனத்தாங்கல். 32 வயதில் ஆறு மாதம் என்பது ஆறு முட்டை.

இத்தனைக்கும் நடுவில் என் கணவருக்கு விந்தணுப் பரிசோதனையை மூன்றாம் வருடம் வரை யாரும் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை. அதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம்.

இனி நான் உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன். குடலில் நோய் உள்ள, பிள்ளை வேண்டும் என்கிற ஒரு பெண் உங்கள் முன் உட்கார்ந்தால், அவளிடம் என்ன சொல்வீர்கள்? ஏழாவது டாக்டரம்மாவும், அவர் கைகாட்டி நாங்கள் வேறொரு ஊருக்குப் போய்ப் பார்த்த குடல் அறுவை மருத்துவரும் என்னிடம் சொன்னதை எழுதுகிறேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னார்கள். இரண்டு பைகளும் அன்றுதான் ஒன்றாக மேசைக்கு வந்தன.

எம்ஆர்ஐயில் குடல் கட்டி மூன்றரை சென்டிமீட்டர். மலவாயில் இருந்து ஒன்பது சென்டிமீட்டர் உயரத்தில். மூன்று விதமாகச் செய்யலாம் என்றார்கள். குடலுக்குள் நுழையாமல் வெளிச்சுவரில் இருப்பதை மட்டும் சீவி எடுப்பது ஒன்று. கட்டியைச் சுற்றி வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு அந்த ஓட்டையை மூடுவது இரண்டாவது. குடலில் ஒரு துண்டையே எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைப்பது மூன்றாவது. மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஒற்றைக் கட்டி என்றால் பெரும்பாலும் முதல் இரண்டில் முடிக்கப் பார்ப்பார்களாம். அதைவிடப் பெரிது, ஒன்றுக்கு மேல் இருக்கிறது, குடலின் சுற்றளவில் பாதியைப் பிடித்துவிட்டது, குடலே குறுகிவிட்டது என்றால் மூன்றாவதை யோசிப்பார்களாம். வெட்டு பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் பெரிது. இணைத்த இடம் கசியலாம், கசிந்தால் மறுபடியும் திறக்க வேண்டும். மலக்குடலுக்கும் பெண்ணுறுப்புக்கும் நடுவில் துளை விழலாம். நரம்புகள் சோர்ந்து சில நாள் சிறுநீர் இறங்காமல் போகலாம். இணைத்த இடம் ஆறும் வரை சில வாரமோ சில மாதமோ வயிற்றில் பை வைக்கலாம். பையைப் பற்றிச் சொன்னபோது என் கணவர் என் கையைப் பிடித்தார். தியேட்டர் கதவருகே கேட்ட அதே சொல். இந்த முறை உட்கார்ந்து கேட்டார், ஐந்தாறு கேள்வியும் கேட்டார்.

சரி, இவ்வளவும் செய்தால் பிள்ளை தங்குமா? இதற்கு அவர்கள் சொன்ன விடையை நான் இன்றும் மதிக்கிறேன். "வலி குறையும் என்று அநேகமாகச் சொல்லலாம். பிள்ளைக்கு உறுதி சொல்ல எங்களிடம் ஆதாரம் போதாது."

அதன் பிறகு நானே படித்துப் பார்த்தேன். இலக்கணம் படித்தவளுக்குக் கொஞ்சம் பொறுமை உண்டு. பிரான்சில் மலக்குடல் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 60 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சீவியோ வட்டமாக வெட்டியோ எடுத்தார்கள், மறு பாதிக்குத் துண்டையே எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துக் குடலின் இயக்கத்தில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2018இல் வெளிவந்த ஆய்வு. அந்தப் பெண்களில் பிள்ளைக்கு முயன்றவர்கள் 36 பேர், கருத்தரித்தவர்கள் 29 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இயற்கையாகவே தங்கியிருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. காலையில் மறுபடி படித்தேன். 60 பேருக்குமே அறுவை நடந்திருக்கிறது. அறுவையே செய்யாமல் விட்ட பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை. அப்படியானால் பிள்ளை அறுவையால் வந்ததா, அறுவைக்குப் பிறகு வந்ததா என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. வேற்றுமை உருபு ஒன்று மாறினால் பொருளே மாறிவிடும் என்று வகுப்பில் கத்துகிறேன். இங்கே என் ஆறு வருடத் தவிப்பு அந்த உருபில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் மேலே சொன்ன ஐரோப்பிய வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது. ஆழமாக வேர்விட்ட நோய்க்கு அறுவை செய்வது கருத்தரிப்பைக் கூட்டும் என்பதற்கு அழுத்தமான சான்று இல்லை. வலி உள்ள, பிள்ளை விரும்பும் பெண்ணுக்கு அதை ஒரு வழியாகச் சொல்லலாம். ஐவிஎஃப்புக்கு (முட்டையை எடுத்து உடலுக்கு வெளியே கருவாக்கி வைக்கும் முறைக்கு) முன்னால் அறுவை செய்வதா என்பதை அவளுடைய வலியும் அவளுடைய விருப்பமும் முடிவு செய்யட்டும். இப்படிப்பட்டவர்களை இதில் தேர்ச்சி உள்ள மையத்துக்கு அனுப்புங்கள்.

அப்படியானால் யாருக்கு எது முதலில்? ஒரே விடை இல்லை என்பதையாவது எங்களிடம் சொல்லுங்கள். 28 வயது, வலி உயிரை எடுக்கிறது, டியூப் திறந்திருக்கிறது, கணவருக்குக் குறையில்லை என்றால் அறுவை செய்துவிட்டுச் சிறிது காலம் இயற்கையாக முயலலாம். அறுவையில் கண்டதையும் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டு, இயற்கையாகத் தங்கும் வாய்ப்பை மதிப்பிடும் மதிப்பெண் முறைகூட 2010 முதல் இருக்கிறது. 39 வயது, முட்டை இருப்பு அடிமட்டம், வலி பொறுத்துக்கொள்ளும்படி இருக்கிறது என்றால் குடலை வெட்டி ஆற்றிக்கொண்டிருக்கும் மாதங்கள் அவளுக்குக் கட்டுப்படியாகாது, நேரே ஐவிஎஃப் போவது நியாயம். குடல் அடைக்கும் அளவுக்குக் குறுகிவிட்டது, அல்லது நோய் சிறுநீர்க் குழாயை நெரித்துச் சிறுநீரகம் வீங்கத் தொடங்கிவிட்டது என்றால் பிள்ளைப் பேச்சை ஒத்திவைத்து முதலில் அதைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் வலி காட்டாமலே கெட்டுப்போகுமாம். குடலோடு சேர்த்து அதையும் ஸ்கேனில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நான் இந்த மூன்றிலும் அடங்கவில்லை. வயது 34, ஏஎம்ஹெச் 1.1, வலி தாங்க முடியாதது. முதலில் முட்டை எடுத்துக் கருவாக்கி ஐந்தை உறையவைத்தோம். பிறகு அறுவை. துண்டுதான் எடுக்க வேண்டியிருந்தது. அன்று காலை ஒரு செவிலியர் வந்து, பை வைக்க நேர்ந்தால் எங்கே என்று வயிற்றின் வலப்பக்கம் மார்க்கர் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். உட்கார வைத்து, நிற்க வைத்து, சேலைக் கொசுவம் எங்கே வரும் என்று கேட்டு, அதற்குக் கீழே படாமல் பார்த்துப் போட்டார். மயக்கம் தெளிந்ததும் வலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, கை நேரே அந்த வட்டத்துக்குப் போனது. தோல்தான் இருந்தது. பை இல்லை.

எல்லாம் சுகம் என்று எழுதினால் பொய். பத்து நாள் சிறுநீர்க் குழாயோடு வீட்டில் கிடந்தேன். முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு ஆறு ஏழு முறை போக வேண்டியிருந்தது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேலூர் போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகுமோ என்று அரை டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். இப்போது அது இரண்டுமூன்று முறையாக அடங்கியிருக்கிறது. மாதவிலக்கு நாளில் மேசையைப் பிடிக்காமல் பாடம் நடத்துகிறேன். கரு வைத்தது இரண்டு முறை. முதல் முறை ஒட்டவில்லை. இரண்டாவது ஏழாம் வாரத்தில் கலைந்தது. மூன்று கருக்கள் இன்னும் உறைநிலையில் இருக்கின்றன. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கணக்கையெல்லாம் சொல்வதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் என்னை வெற்றிக்கதை என்றோ தோல்விக்கதை என்றோ நீங்கள் கோப்பில் மூடிவிடக் கூடாது.

சுற்றுச்சாலையில் கருத்தரிப்பு மையப் பலகைகளைப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு கொழுகொழு குழந்தை சிரிக்கிறது, அதுவும் நம் ஊரில் பிறக்க வாய்ப்பே இல்லாத நிறத்தில். போகட்டும். அந்தக் கதவுக்குள் நுழையும் பெண் முதலில் நிரப்பும் படிவத்தில் எத்தனை வருடத் திருமணம், எத்தனை கருச்சிதைவு என்றெல்லாம் கேட்கிறீர்கள். அதில் இந்த மடலின் முதல் வரியையும் சேருங்கள். செலவு ஒரு வரி மை. "இல்லை" என்று எழுதுபவர்களே அதிகம் இருப்பார்கள். "ஆமாம்" என்று எழுதுபவளைக் கண்டால் கத்தியை எடுக்கும் முன்பும், ஐவிஎஃப் ஊசியைத் தொடங்கும் முன்பும் குடலைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் ஸ்கேன் பார்க்கட்டும்.

அடுத்தது கொஞ்சம் பெரிய வேண்டுகோள். இந்த நோய்க்கென்று மகளிர் மருத்துவரும் குடல் அறுவை மருத்துவரும் சேர்ந்து உட்காரும் ஒரு புறநோயாளிப் பிரிவு, வாரத்தில் அரை நாள், நம் பெரியாஸ்பத்திரியில் வேண்டும். 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனை அது. தேனி, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் என்று ஐந்து மாவட்டத்துப் பெண்களும் கடைசியில் வந்து சேரும் இடம். இரு துறைகளும் அங்கே உண்டு. கட்டடமோ கருவியோ புதிதாகக் கேட்கவில்லை. இரண்டு நாற்காலிகளை ஒரே மேசைக்கு இழுத்துப் போடச் சொல்கிறேன். தனியார் மருத்துவமனைகளில் நான் பார்க்க முடிந்த வரை ஒருவர் இன்னொருவரிடம் நோயாளியை அனுப்பினால் அவள் திரும்பி வரமாட்டாளோ என்ற பயம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை, அதனால்தான் அங்கே தொடங்கச் சொல்கிறேன்.

மதுரையால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. கண்புரை அறுவையை ஏழை பணக்காரர் என்று பாராமல் குவியல் குவியலாகவும், அதே நேரம் தரமாகவும் செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் இது. 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு அறுவை செய்தவர். ஒரே வேலையை ஒரே குழு திரும்பத் திரும்பச் செய்தால் கை தேறும் என்பதை நமக்கு வெளியூர்க்காரர் யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. குடல் எண்டோமெட்ரியோசிஸ் அறுவையும் கைத்தேர்ச்சி சார்ந்தது. ஊரில் இருபது பேர் வருடத்துக்கு ஒன்றிரண்டு செய்வதைவிட ஒரு குழு எல்லாவற்றையும் செய்வது எங்கள் உடம்புக்கு நல்லது. எனக்கு அறுவை செய்த குழு எட்டு மணி நேரப் பயணத்தில் இருந்தது. அப்படிப்பட்டவர்கள் மதுரையிலேயே இருக்கிறார்களா? இருக்கலாம். இருந்தால் யார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள், பிறகு எங்களுக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த ஆங்கிலப் படிவம். எந்த அறுவை, குடலைத் தொட நேர்ந்தால் என்ன செய்வீர்கள், பை வைக்க எனக்குச் சம்மதமா, கட்டியை எடுத்தால் முட்டை இருப்பு எவ்வளவு குறையலாம், இது வலிக்காகவா பிள்ளைக்காகவா என்பதெல்லாம் தமிழில், படுக்கப்போகிறவளுக்குப் புரியும்படி இருக்க வேண்டும். முதல் நாள் மாலையே அவள் கையில் இருக்க வேண்டும். தியேட்டர் கதவருகே கணவரிடம் கேட்கும் கேள்வியை அவளிடம் நேற்றே கேட்டிருக்க வேண்டும்.

மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் படிவத்தை எனக்கு அனுப்புங்கள். நான் எழுதித் தருகிறேன். மருத்துவச் சொற்களை நீங்கள் சரிபாருங்கள், சந்திப்பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன். சனி, ஞாயிறு எனக்கு விடுமுறைதான். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் நாட்கள் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
மேலூர் வட்டாரத் தமிழாசிரியை ஒருத்தி